நாளைப் போவார்: கே.பி. சுந்தராம்பாளின் குரலும் தங்கவயல் ஏற்காத முடிவும்

(சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

கே.பி. சுந்தராம்பாள் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது ஒரு மூதாட்டியின் உருவம். நெற்றி நிறைய நீறு, நரைத்த கூந்தல், கையில் கோல். 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட ‘ஔவையார்’ அந்த உருவத்தை நிலைநிறுத்திவிட்டது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பு, 1935இல், இதே சுந்தராம்பாள் திரையில் ஓர் ஆணாக நடித்தார் என்பதை என் வகுப்பு மாணவர்களிடம் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இடையில் சில நிமிடங்கள் மாறுவேடம் புனைந்ததன்று அது. ‘பக்த நந்தனார்’ படத்தில் முதலிலிருந்து முடிவுவரை அவரே நந்தனார். அந்த வேடத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைய இந்தியத் திரையுலகில் கேட்டறியாத தொகை அது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

மேலை நாட்டு இசையில் பால் அடையாளத்தைக் கலைத்துப் பாடிய டேவிட் போவி, பாய் ஜார்ஜ் போன்றோரைப் பற்றி நூல்கள் பல உண்டு. அவர்கள் எழுந்ததும் தாழ்ந்ததும் பண்பாட்டு ஆய்வின் பாடப்பொருளாகிவிட்டன. தமிழில் இதே வினாவை எழுப்ப வேண்டுமானால் சுந்தராம்பாளிடமிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம். ஓர் ஆணாகப் பாடிப் புகழின் உச்சிக்கு வந்த பாடகி பின்னர் ஏன் கிழவி வேடங்களுக்குள் மட்டும் அடங்க நேர்ந்தது? அவருடைய குரல் தளர்ந்ததாகச் சொல்ல இயலாது. 1969இலும் அது தேசிய விருது பெறும் தகுதியோடுதான் இருந்தது. ஆகவே விடையை வேறிடத்தில் தேட வேண்டும். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் நான் இலக்கணத்தில் தேடத் தொடங்கினேன். அது என்னை என் சொந்த ஊரான கோலார் தங்கவயலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

முதலில் மேடை. 1908இல் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் சிறுமியாக நாடகக் குழுவில் சேர்ந்து, பாலபார்ட்டில் தொடங்கி, ஸ்திரீபார்ட்டிலும் அயன் ராஜபார்ட்டிலும் பாடி நடித்தவர். அக்கால மேடையில் வேடமும் பாலும் ஒன்றோடொன்று கட்டுண்டவை அல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே தமயந்தியாகவும் வள்ளியாகவும் நடித்தனர். மறுபுறம், பாலாமணி அம்மையாரின் குழுவில் பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்றனர். நாடகம் பார்க்க வந்தவர் ‘இவர் ஆணா, பெண்ணா’ என்று கேட்கவில்லை. ‘இவர் எத்தனை கட்டையில் பாடுகிறார்’ என்றுதான் கேட்டார்.

கட்டை என்பதை இன்றைய மாணவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஆர்மோனியத்தில் ஆதார ஷட்ஜத்தை எந்தக் கட்டையில் வைத்துக்கொள்கிறோம் என்பதே சுருதியின் அளவு. இன்றைய கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகின்றனர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் ஒன்றரைக் கட்டை குரல் நான்காம் வரிசையைத் தாண்டாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் சொல் விழ வேண்டுமானால் குரல் மேலே ஏறியாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா நாலு, ஐந்து கட்டைச் சுருதிக்குப் புகழ்பெற்றது இதனால்தான். 1920களின் பிற்பகுதியில் கொழும்பு மேடையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் முதன்முதலாக இணைந்தபோது, வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்ய ஒரே ஆர்மோனியமும் ஒரே சுருதியும் போதுமாயிருந்தன. ஆண் குரல் எது, பெண் குரல் எது என்பதைச் சுருதி தீர்மானிக்காத உலகம் அது. அங்கே உயர்ந்த குரல்தான் வீரத்தின் குரல்.

இதை நான் வெறும் வரலாற்றுச் செய்தியாக எழுதவில்லை. என் குரல் உயர்சுருதிக் குரல். தொலைபேசியில் பேசுகிறவர்கள் என்னை ‘மேடம்’ என்று அழைப்பது எனக்குப் பழகிவிட்டது. முதுகலையில் ஒலியியல் ஆய்வகத்தில் என் குரலின் அடிப்படை அதிர்வெண்ணை அளந்தபோது அது 190 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றது. ஆண்களுக்குப் பொதுவாக 120, பெண்களுக்கு 210 என்று பாடநூல்கள் சொல்லும். ஓராண்டுக்கு முன்பு, ஒரு கல்லூரியின் ஆசிரியர் நேர்காணலில், என் ஆய்வைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்டபின் குழுவில் ஒருவர் கனிவாகவே சொன்னார்: “பாடம் நன்றாகத் தெரிகிறது தம்பி. ஆனால் வகுப்பைக் கட்டுப்படுத்தக் குரலில் ஒரு கம்பீரம் வேண்டும்.” அந்தக் கனிவுதான் எனக்கு வலித்தது. கம்பீரம் ஒன்றரைக் கட்டையில்தான் குடியிருக்கிறது என்று எப்போது முடிவானது? கிட்டப்பாவின் கம்பீரம் என் சுருதிக்கும் மேலே இருந்ததே!

இனி இலக்கணம். தமிழில் தன்மையும் முன்னிலையும் ஒருமை பன்மையைக் காட்டும். ஆண்பால் பெண்பாலைக் காட்டா. ‘வந்தேன்’ என்று சொல்பவர் ஆணா பெண்ணா என்பது அந்த வினைமுற்றில் இல்லை. இந்தியில் அப்படியன்று. ‘வந்தேன்’ என்பதற்கு ஆண் ஒரு வடிவத்தையும் பெண் வேறொரு வடிவத்தையும் ஆள வேண்டும். மராத்தியும் அவ்வாறே. மராத்தி மேடையில் பெண் வேடத்தால் புகழின் உச்சியை எட்டிய பால கந்தர்வர் நாராயண் ராஜ்ஹன்ஸ், தம் பாத்திரத்திற்காகத் தன்மை வினைகள் பலவற்றில் இலக்கணப் பாலை மாற்றியாக வேண்டியிருந்தது. சுந்தராம்பாளுக்கு அந்தச் சுமை இல்லை. நந்தனாகப் பாடும்போது ‘நான்’ என்ற சொல் அவரைத் தடுக்கவில்லை. அதற்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

படர்க்கையில்தான் நம் மொழி பாலைப் பிரிக்கிறது: அவன், அவள். அங்கும் ஒரு விலக்கு உண்டு. ஒருவரை மதிக்கத் தொடங்கிய கணமே ‘அவர்’ என்கிறோம். பலர்பாலுக்குரிய வடிவத்தை ஒருவருக்குத் தருகிறோம். அதில் ஆண், பெண் வேறுபாடு கரைந்துவிடுகிறது. பால் காட்டும் வடிவங்கள் நெருக்கத்திற்கும் இழிவுக்கும் உரியவையாக எஞ்சுகின்றன. முருகனை ‘வந்தான்’ என்பது நெருக்கம். பண்ணையாள் ‘வந்தான்’ என்பது இழிவு. மதிக்கப்படுபவருக்கு நம் இலக்கணம் பாலைக் கேட்பதில்லை. மதிக்கப்படாதவரிடம் தவறாமல் கேட்கிறது. பால் கடந்தவரைத் தெருவில் ‘அது’ என்று அஃறிணைக்குத் தள்ளும் வாய்களும் இந்த இலக்கணத்தைத்தான் ஆயுதமாக எடுத்துக்கொள்கின்றன.

இந்தக் கண்ணோடு நந்தனின் பெயரைப் பாருங்கள். பெரியபுராணம் அவரைத் ‘திருநாளைப்போவார்’ என்கிறது. ‘நாளைப் போவேன்’ என்று நாள்தோறும் சொன்ன ஒருவரின் தன்மை வினை, மரியாதை ஏறிப் பெயராயிற்று. ‘போவேன்’ என்பதிலும் பால் இல்லை. ‘போவார்’ என்பதிலும் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ஒரு வேதியரைப் புதிதாகப் படைத்தார். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையார் அவர். அந்த வேதியருக்கு நந்தன் ‘அவன்’தான். ‘அவன்’ என்னும் நிலையிலிருந்து ‘நாயனார்’ என்னும் நிலைக்கு ஏறுவதே அந்தக் கதை. இடையில் இருப்பது நெருப்பு.

1933இன் இறுதியில் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளுடை தரித்தார். எந்த ஆணுக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆணுக்கு இணையாக நடிக்க மறுத்த பெண்ணுக்கு மிகப் பெரிய வேடமாகக் கிடைத்தது ஆண் வேடம் என்பதில் ஒரு தருக்கம் இருக்கிறது. நாயகி ஆவதற்கு ஒரு நாயகன் வேண்டும். நந்தனுக்கு நாயகி வேண்டாம், சிதம்பரம் போதும். மாணிக்லால் டாண்டன் இயக்கிய அப்படத்தில் வேதியராக வந்தவர் கருநாடக இசையின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஒரு பிராமண வித்துவான் எதிரே நிற்க, ஒரு பெண், தீண்டாமைக்குள்ளான ஓர் ஆணின் ‘நான்’ ஆகப் பாடினார். சாதி, பால் என்னும் இரு எல்லைகள் ஒரே குரலில் தாண்டப்பட்டன.

படம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. படத்தில் மரமும் எருமையும் ஆடும் நன்றாக நடித்தன என்னும் பொருள்பட ஆனந்த விகடனில் கல்கி எழுதிய கேலி இன்றும் நினைவுகூரப்படுகிறது. கேலியை விட்டுவிட்டு அதன் கீழுள்ள குறையை நோக்குங்கள். கேமரா உடலைக் கேட்கிறது. மேடையில் நாற்பது அடி தொலைவில் நின்று பாடியபோது குரலே வேடமாயிருந்தது. திரையில் முகம் அருகே வந்தது. கன்னம், கழுத்து, நடை யாவும் சாட்சி சொல்லத் தொடங்கின. இதே 1935இல் பால கந்தர்வர் பிரபாத் நிறுவனத்தின் ‘தர்மாத்மா’ படத்தில் நடித்தார். பெண் வேடத்துக்குப் பேர்போன அவருக்கு அங்கே கிடைத்தது அடியார் ஏகநாதர் வேடம். பிறகு 1937இல் மீராபாயாகத் திரையில் தோன்றியபோது மேடையில் பெற்ற வெற்றி கிட்டவில்லை. ஒரே ஆண்டில், ஒருவரை முன்னிறுத்திக் கேமரா சேலையைக் களையச் சொன்னது. இன்னொருவர் ஆண் வேடத்தை அணிந்து அதன் முன் நின்றார். இரண்டும் மேடை மரபின் அந்திக்காலக் காட்சிகள்.

அடுத்த அடி பின்னணிப் பாடல். 1930களின் இறுதியில் தமிழ்த் திரைக்குள் அது நுழைந்தது. நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்றானதும் குரலுக்கும் உடலுக்கும் பொருத்தம் பார்க்கும் தொழில் ஒன்று பிறந்தது. ஆண் உடலுக்கு ஆண் குரல், பெண் உடலுக்குப் பெண் குரல். ஒலிவாங்கி வந்தபின் கடைசி வரிசைக்காகக் குரலை உயர்த்த வேண்டிய தேவையும் போயிற்று. நாயகனின் சுருதி மெல்ல மெல்ல இறங்கியது. கிட்டப்பாவின் கட்டையிலிருந்து 1950களின் நாயகக் குரல்கள்வரை கேட்டு வாருங்கள். தமிழ் ஆண்மை எத்தனை கட்டை கீழிறங்கியது என்பது காதுக்கே தெரியும்.

சுந்தராம்பாளின் பிற்காலப் பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். 1940இல் மணிமேகலை. பின்னர் பதின்மூன்று ஆண்டுகள் திரையில் மௌனம். 1953இல் ஔவையார். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். எல்லாரும் துறவியர், அல்லது மூத்தோர். பெயர்களைக் கவனியுங்கள். ஔவை‘யார்’. இதே ஔவையாக நாடக மேடையில் டி.கே. சண்முகம் நடித்து ‘ஔவை சண்முகம்’ ஆனார்; ‘ஆர்’ விகுதி ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே வேடத்துக்குள் ஏற்றுக்கொண்டது. கவுந்தி‘யடிகள்’. இளங்கோவும் அடிகளே, கவுந்தியும் அடிகளே. காரைக்கால் அம்மையாரோ பெண்ணுடலையே உதறிப் பேயுரு வேண்டியவர். பால் காட்டாத மரியாதையின் பரப்பில்தான் சுந்தராம்பாள் தொடர்ந்து வாழ முடிந்தது. ஆனால் அந்தப் பரப்பு சுருங்கிவிட்டது. 1935இல் அது வயலில் உழைக்கும், ஆண்டையிடம் வாதாடும் ஓர் இளைஞனின் உடலையும் உள்ளடக்கியிருந்தது. பின்னர் அதற்குள் நரைத்த தலைகளுக்கு மட்டுமே இடம். வீழ்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். அவருடைய மதிப்பு குறையவில்லை. சட்ட மேலவை உறுப்பினரானார், 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் ஏற்கக்கூடிய மனிதர்களின் எண்ணிக்கை குறைந்தது.

அதன் முத்திரை 1969இல் விழுந்தது. ‘துணைவன்’ படத்திற்காக அவருக்குக் கிடைத்த தேசிய விருதின் பெயர் ‘சிறந்த பின்னணிப் பாடகி’. தாமே திரையில் தோன்றித் தாமே பாடியவர் அவர். எந்தப் பின்னணியிலும் நிற்கவில்லை. பாடகி என்ற பால் வரையறையும் அவர் இளமையிலேயே கடந்த ஒன்று. விருது உண்மையானது, தகுதியானது. விருதின் பெயரில்தான் அவருடைய வரலாறு இல்லை.

இப்போது தங்கவயல். சுந்தராம்பாளுக்கு ஏழாண்டுகள் பின், 1942இல், ஜெமினி ஸ்டூடியோ மறுபடியும் ‘நந்தனார்’ எடுத்தது. முருகதாசா இயக்கினார், நந்தன் எம்.எம். தண்டபாணி தேசிகர். ஆண் வேடத்துக்கு ஆண் குரல் என்ற ஒழுங்கு வந்துவிட்டது. படம் பெரும் வெற்றி. அது தங்கவயலுக்கு வந்தபோது எங்கள் ஊர்த் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். நந்தன் தூய்மை பெற நெருப்பில் இறங்க வேண்டும் என்ற முடிவை அவர்கள் ஏற்கவில்லை. அதன்பின் எஸ்.எஸ். வாசன் வேறொரு முடிவைப் படமாக்கி, தங்கவயலில் திரையிடும் படிக்கு மட்டும் இணைத்தார் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மதறாஸில் நந்தன் எரிந்தான். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் எரியவில்லை.

இந்த எதிர்ப்பு திடீரென்று தோன்றியதாக நான் கருதவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வந்து பூமிக்கடியில் இறங்கிய எங்கள் முன்னோர்களிடையே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிளை கொண்டிருந்தது. பண்டிதரின் ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின், 1926இல், ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தப்பட்டது. பண்டிதர் எழுதிய ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் நந்தன் பண்ணையாள் அல்லன், அரசன். சுரங்கத்துக்குள் போகும் மனிதன் மேலே வந்து வாசித்த நந்தன் வேறு. அவனை நெருப்பில் இறக்கும் காட்சியைக் காசு கொடுத்துப் பார்க்க அவர்கள் மறுத்ததில் வியப்பில்லை.

என் தாத்தா சாம்பியன் ரீஃபில் நிலத்தடித் தொழிலாளி. கற்துகள் நுரையீரலில் படிந்து கடைசி ஆண்டுகளில் அவருக்குக் குரலே எழும்பவில்லை. குரல் என்பது உடலின் கொடை மட்டுமன்று, உடலை எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பதன் கணக்கும்கூட என்பதை ஒலியியல் நூல்களுக்கு முன் அவரிடமே கற்றேன். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது நான் பள்ளிக்கே போகவில்லை. இன்று ஊரில் பாதிப் பேர் விடிவதற்குள் பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள். அவர்களுடைய தமிழைத்தான் நான் ஆய்வுக்காகப் பதிவுசெய்துகொண்டிருக்கிறேன். அந்தப் பதிவுகளில் கேள்வி கேட்கும் என் குரலையும் கேட்க நேர்கிறது. முன்பெல்லாம் என் பகுதிகளை விரைவாக ஓடவிட்டுக் கடந்துவிடுவேன். இப்போது கேட்கிறேன்.

சுந்தராம்பாளின் வாழ்விலிருந்து நான் பெறும் முடிவு இதுதான். ஒரு குரல் ஆணுடையதா பெண்ணுடையதா, கம்பீரமா அல்லவா என்று தீர்மானிப்பது தொண்டை மட்டுமன்று. கொட்டகையின் நீளமும், ஆர்மோனியத்தின் கட்டையும், ஒலிவாங்கியும், விருதுக் குழு வைத்த பெயரும், நேர்காணலில் அமர்ந்திருப்பவரின் காதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவை மாறக்கூடியவை. கேட்பவர்கள் மறுத்தால் படத்தின் முடிவே மாறும் என்பதற்கு எங்கள் ஊர் சான்று.

ஒரு வேண்டுகோள். தங்கவயலுக்கென்று இணைக்கப்பட்ட அந்த முடிவைப் பார்த்தவர்கள் இன்று இருந்தால் தொண்ணூறு வயதை எட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் அதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருந்தால், ஒரு வரியானாலும் எழுதுங்கள். எந்தக் கொட்டகையில் பார்த்தார்கள், நந்தன் கோயிலுக்குள் எப்படிப் போனார், அப்போது கூட்டம் என்ன செய்தது என்பதையெல்லாம் அறிய விரும்புகிறேன். ஒலிப்பதிவுக் கருவியோடு நானே வந்து பார்க்கிறேன்.